வாழ்வா? நாடகமா?: ஒரு தாள் கட்டும் அதைக் காத்தவர்களும்

இந்த நிகழ்வு ஆய்வின் பொருள் ஒரு தாள் கட்டு. ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ 32.5 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். மொத்தம் 1,300க்கும் மேற்பட்ட ஓவியங்கள். அவற்றிலிருந்து ஓவியரே தேர்ந்து வரிசைப்படுத்தியவை 769 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வரைந்தவர் ஷார்லோட் சாலமோன். 1917இல் பெர்லினில் பிறந்த யூதர். 1943 அக்டோபரில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 26, ஐந்து மாதக் கர்ப்பிணி. கட்டு மட்டும் பிழைத்தது. இன்று அது ஆம்ஸ்டர்டாமின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன அழிப்பிலிருந்து மீண்ட கலைப்பொருள்களின் கதையைப் பெரும்பாலும் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள்: ஒளித்தார்கள், கண்டெடுத்தார்கள், காட்சிக்கு வைத்தார்கள். இந்தக் கட்டுக்கு அந்த அளவு போதாது. நாஜிகள் இதைத் தொடவேயில்லை. இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இதற்கு நேர்ந்த கூட்டல் கழித்தல் எல்லாம் போருக்குப் பிறகு, ஷார்லோட்டின் மீது உயிரையே வைத்திருந்தவர்களின் கையால் நேர்ந்தவை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படைப்பு உருவான விதம்

ஷார்லோட்டின் தந்தை ஆல்பெர்ட் சாலமோன் அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயை எக்ஸ்ரே வழியாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். தாய் ஃபிரான்ஸிஸ்கா 1926இல் இறந்தார். சளிக்காய்ச்சல் என்று எட்டு வயது மகளிடம் சொன்னார்கள். உண்மையில் அவர் ஜன்னலிலிருந்து குதித்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து ஆல்பெர்ட், பாடகி பவுலா லிண்ட்பெர்கை மணந்தார். பெர்லின் ஓவியப் பள்ளியில் யூதர்களுக்கு ஒதுக்கிய ஒன்றிரண்டு இடங்களில் ஒன்று ஷார்லோட்டுக்குக் கிடைத்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. 1938 நவம்பரில் யூதக் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நொறுக்கப்பட்ட இரவுக்குப் பின் தந்தையை சாக்சன்ஹௌசன் முகாமுக்கு இழுத்துப் போனார்கள். அவர் விடுதலையானதும் மகளைத் தெற்கு பிரான்சுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே நீஸ் நகரை அடுத்த வில்ஃப்ரான்ஷில் தாய்வழித் தாத்தாவும் பாட்டியும், ஒட்டிலி மூர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் மாளிகையில் அடைக்கலமாக இருந்தார்கள்.

1940 மார்ச்சில் பாட்டியும் ஜன்னலிலிருந்து குதித்து இறந்தார். அப்போதுதான் தாத்தா போட்டு உடைத்தார்: உன் அம்மாவும் இப்படித்தான் போனாள், எந்தச் சித்தியின் பெயரை உனக்கு வைத்தோமோ அவளும் இப்படித்தான் போனாள். பட்டியல் அத்தோடு நிற்கவில்லை. அந்தக் கோடையில் பேத்தியையும் தாத்தாவையும் பிரெஞ்சு அரசு கூர்ஸ் முகாமில் அடைத்து, பிறகு தாத்தாவின் தள்ளாமை கருதி விடுவித்தது. திரும்பி வந்த ஷார்லோட் சித்தம் கலங்கிப் போகும் நிலையில் இருந்தார். உள்ளூர் மருத்துவர் மொரிடிஸ் அவரை வரையச் சொன்னார்.

ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில், 1942க்குள், அத்தனையையும் வரைந்து முடித்தார். சன்-ஜான்-காப்-ஃபெராவில் அவர் அறையெடுத்துத் தங்கிய விடுதியின் உரிமையாளர், அந்தப் பெண் வரையும்போதெல்லாம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருந்தாள் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். படைப்பின் தொடக்கத்தில் ஷார்லோட்டே இதைச் சொல்கிறார்: கடலோரம் ஒருவர் அமர்ந்து வரைகிறார், திடீரென்று ஒரு மெட்டு நினைவுக்கு வருகிறது, அதை முனகத் தொடங்கியதும் தாம் தாளில் கொண்டுவர முயல்வதற்கு அது அச்சாகப் பொருந்துவதை உணர்கிறார்.

தலைப்பு ‘வாழ்வா? நாடகமா?’. அதன் கீழே ‘ஓர் இசை நாடகம்’. முன்னாடகம், மையப் பகுதி, பின்னுரை என மூன்று பாகம். பாத்திரங்கள் எல்லோருக்கும் புனைபெயர். தாத்தா பாட்டிக்கு க்னாரே என்ற குடும்பப் பெயர். மாற்றாந்தாய் பவுலாவுக்கு ‘பவுலின்கா பிம்பாம்’. பவுலாவின் குரலைப் பயிற்றிய, ஷார்லோட் காதலித்த ஆல்ஃபிரட் வோல்ஃப்சோனுக்கு ‘அமாதேயுஸ் டாபர்லோன்’. ஷார்லோட் தம்மையே படர்க்கையில்தான் எழுதுகிறார். காட்சிகளுக்கு இன்ன பாட்டை இங்கே பாட வேண்டும் என்ற குறிப்பும் உண்டு: பாக், ஷூபெர்ட், ‘கார்மென்’ ஓபராவின் பாட்டு, ஏன், நாஜிகளின் அணிவகுப்புப் பாட்டுகூட. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் தலைமாட்டில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி.

முதல் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1913 நவம்பர் இரவு. தாள் முழுக்க நீலமும் கறுப்பும். வீட்டுப் படியில் ஒரு சிறு உருவம். அதே உருவம் தெருவில் நடக்கிறது, தெருக்கோடியில் மறுபடி தெரிகிறது, கீழே வரும்போது தண்ணீர். ஷார்லோட்டுக்குப் பெயர் தந்த அந்தச் சித்திதான் ஒரே தாளில் பலமுறை வருகிறாள். கண் அவள் பின்னாலேயே ஏரிக்குப் போகிறது. இன்னும் சில தாள்கள் தள்ளி, தாய் தன் குழந்தையிடம் சொர்க்கத்தைப் பற்றிச் சொல்கிறாள்: நான் தேவதையானதும் உனக்குக் கடிதம் எழுதி ஜன்னல் விளிம்பில் வைப்பேன். தாய் இறந்த பின் குழந்தை மறுபடியும் மறுபடியும் அந்த ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறது. இந்தப் படைப்பில் ஜன்னல் வந்தாலே வயிற்றில் ஏதோ செய்கிறது.

இதை இன அழிப்பு பற்றிய படைப்பு என்று சொல்லலாமா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. 1933 ஜனவரியில் பழுப்புச் சட்டை போட்ட நாஜிப் படையினர் அணிவகுக்கும் தாள் இருக்கிறது. அதில் ஸ்வஸ்திகாவை ஷார்லோட் வலம் இடம் மாற்றித்தான் போட்டிருக்கிறார். கடைகள் நொறுங்கும் இரவு இருக்கிறது, தந்தை கைதாவது இருக்கிறது. ஆனால் முகாமின் முள்வேலி படைப்பின் நடுவில் இல்லை. நடுவில் இருப்பது ஒரு பெர்லின் யூதக் குடும்பம், அதன் பியானோ, அதன் அசட்டுப் பெருமைகள், அதன் மௌனம். அழிக்கப்பட்டது எது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய ஓவியம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனவே சொல்லலாம் என்றே நினைக்கிறேன்.

கைமாறிய வரிசை

1942 நவம்பரிலிருந்து நீஸ் பகுதி இத்தாலியப் படையின் கையில் இருந்தது. ஜெர்மன்காரர்கள் கேட்டும் இத்தாலியர்கள் யூதர்களைப் பிடித்துக் கொடுக்கவில்லை. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் அந்தத் திரை விலகியது. நாஜி எஸ்.எஸ். அதிகாரி அலோயிஸ் புருன்னரின் ஆட்கள் நீஸுக்குள் புகுந்தார்கள். ஜூனில் ஷார்லோட்டை மணந்திருந்த அலெக்ஸாண்டர் நாக்லரும் ஷார்லோட்டும் செப்டம்பர் 24 வாக்கில் பிடிபட்டார்கள். திரான்சி முகாம், அங்கிருந்து அக்டோபர் 7ஆம் தேதி ரயில், 10ஆம் தேதி ஆஷ்விட்ஸ். வந்து இறங்கிய அன்றே ஷார்லோட் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதே வரலாற்றாய்வாளர்களின் முடிவு.

கைதுக்கு முன்பே கட்டு அவர் கையை விட்டுப் போய்விட்டது. மருத்துவர் மொரிடிஸிடம் அதைக் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள், இது என் முழு வாழ்க்கை என்று சொன்னதாக அறிகிறோம். இந்த வாக்கியத்தை எல்லா அட்டைகளிலும் எல்லாச் சுவரொட்டிகளிலும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் யாரைத் தேர்ந்தார் என்பது. உறவினர் அல்ல, கலைஞர் அல்ல, யூதரும் அல்ல. ஊரறிந்த ஒரு டாக்டர். அவர் வீட்டுக்கு நாளெல்லாம் ஆட்கள் வந்து போவார்கள், ஒரு பொட்டலம் கூடுதலாக இருந்தால் யார் கண்ணையும் உறுத்தாது. படைப்பை ஒட்டிலி மூருக்குக் காணிக்கையாக்கியிருந்தார் ஷார்லோட். அமெரிக்கரான மூர் 1941லேயே குழந்தைகள் சிலரை அழைத்துக்கொண்டு தாயகம் போய்விட்டார். போர் முடிந்து அவர் திரும்பியதும் மொரிடிஸ் கட்டை ஒப்படைத்தார். அதைப் பிரித்துப் பங்கு போடவோ விற்கவோ அவர் முனையவில்லை. பெயர் தெரியாத பலருடைய கலைப்பொருள்கள் இந்த இடத்தில்தான் சிதறிப் போயின.

ஆல்பெர்ட்டும் பவுலாவும் நெதர்லாந்துக்குத் தப்பியிருந்தார்கள். வெஸ்டர்போர்க் முகாமில் அடைபட்டு, அங்கிருந்தும் நழுவி, தலைமறைவாக இருந்தே போரைக் கடந்தார்கள். 1947இல் மகளைப் பற்றி ஏதேனும் தெரியுமா என்று வில்ஃப்ரான்ஷுக்குப் போனவர்கள் கையில் மூர் கட்டைக் கொடுத்தார். மகள் ஓவியம் வரைவாள் என்று தெரியும். இத்தனை வரைந்தாள் என்று தெரியாது.

பிரித்துப் பார்த்தபோது அவர்கள் கண்டது தங்களையே. முதல் மனைவி இறந்த விதம், இரண்டாவது மனைவி பாடும் அழகு, வீட்டுக்குள் வளர்ந்த காதல், பொறாமை எல்லாம் வண்ணத்தில். பவுலா தம்மை ‘பவுலின்கா பிம்பாம்’ ஆகப் பார்த்தார், சில இடங்களில் கேலியாகவும். ஒரு நாடகத்தின் பாத்திரங்களே அதன் பாதுகாவலர்களாவது எங்கும் அடிக்கடி நடப்பதில்லை. இந்த வழக்கின் எல்லா முடிச்சும் இங்கேதான் விழுந்தது.

பெயர் மாறிய கதை

முதல் கண்காட்சி 1961இல் ஆம்ஸ்டர்டாமின் ஃபோடோர் அருங்காட்சியகத்தில் நடந்தது. அப்போதைய ஆம்ஸ்டர்டாமை நினைத்துப் பாருங்கள். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு 1947இல் அங்கேதான் முதலில் வெளியானது. அவர் ஒளிந்திருந்த வீடு 1960இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு ஜெர்மன் யூதப் பெண்ணின் பொக்கிஷம் வருகிறது. ஊர் அதை எந்தக் கண்ணால் பார்த்திருக்கும்? 1963இல் 80 ஓவியங்களோடு புத்தகம் வந்தபோது ‘படங்களால் ஆன நாட்குறிப்பு’ என்று பெயரிட்டார்கள். ‘வாழ்வா? நாடகமா?’ என்ற தலைப்பு பின்னுக்குப் போனது.

நாட்குறிப்பு என்ற சொல் தீங்கில்லாததாகத் தோன்றும். ஆனால் நாட்குறிப்பு என்றால் அன்றன்று எழுதியது, நடந்ததை நடந்தபடி எழுதியது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஷார்லோட் செய்ததோ நேர் எதிர். இருபத்து மூன்று வயதில் உட்கார்ந்து, தாம் பிறப்பதற்கு முன்பிருந்து தொடங்கி, தாம் கண்ணால் காணாத காட்சிகளையும் பிறர் படுக்கையறைப் பேச்சையும் கற்பித்து, பாட்டு வைத்து, பகடி செய்து கட்டியெழுப்பிய ஒன்று. அந்தக் கேள்விக்குறிகளை எடுத்துவிட்டு ‘நாட்குறிப்பு’ என்று போடும்போது கலைஞர் போய்விடுகிறார், பலியான பெண் மட்டும் மிஞ்சுகிறார். அடுத்த முப்பது ஆண்டுகள் கலை வரலாற்று நூல்கள் அவரைக் கண்டுகொள்ளாததற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம் என்று துணிந்து சொல்வேன்.

வெளியிட்டவர்களைக் குறைசொல்வதும் எளிதல்ல. 1963இல் அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் 769 தாள்களை எந்தப் பதிப்பாளர் அச்சிடுவார்? 80 வந்ததால்தான் பெயர் பரவியது. முழுப் படைப்பும் நூலாக 1981இல்தான் வந்தது.

நடுவே, 1971இல், பெற்றோர் கட்டை ஆம்ஸ்டர்டாம் யூத வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். அருங்காட்சியகம் அப்போது பழைய எடைமண்டபக் கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. இன்றிருக்கும் பழைய தொழுகைக்கூட வளாகத்துக்கு 1987இல் மாறியது. மொத்தமாக, ஒரே இடத்தில், விற்க முடியாத நிலையில் வைத்தது அந்தக் குடும்பம் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது. ஒரு தாளைத் தனியே ஏலத்தில் விட்டிருந்தால் காட்சியின் தொடர்ச்சி அறுந்திருக்கும்.

தாளின் உடல்நிலை

ஷார்லோட் பயன்படுத்தியது கூவாஷ் என்னும் ஒளிபுகா நீர்வண்ணம். நிறமியைக் கோந்தோடு குழைத்த வண்ணம் அது. காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும், உரசினால் பொடியாக உதிரும், கண்ணாடியில் ஒட்டினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. வெளிச்சமும் ஆகாது. தாளில் உள்ள படைப்புகளை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில், சில மாதங்கள் மட்டுமே காட்டி, பிறகு நெடுநாள் இருட்டில் ஓய்வாக வைப்பது அருங்காட்சியகங்களின் பொதுவழக்கம். வைத்திருப்பது 769 என்றால், அவற்றை ஒரேயடியாகத் தொங்கவிடுவது இடத்துக்கும் கடினம், தாளுக்கும் கடினம். 2017இல் ஷார்லோட்டின் நூற்றாண்டையொட்டித்தான் அருங்காட்சியகம் முழு வரிசையையும் காட்சிக்கு வைத்தது.

இதைவிடச் சிக்கல் ஊடுதாள்கள். முன்னாடகத்தின் இருநூற்றுச் சொச்சம் ஓவியங்கள்மேல் நெய்த்தாள் போன்ற மெல்லிய தாள் படியும். உரையாடலும் கதையும் அந்தத் தாளில்தான். எழுத்துகள் கீழே தெரியும் உருவங்களைச் சுற்றி வளைந்து ஓடும். ஒரு வாக்கியம் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பது அது எந்த முகத்துக்கு மேலே படிகிறது என்பதைப் பொறுத்தது. ஊடுதாளைக் கழற்றித் தனி உறையில் போட்டால் பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் வாக்கியம் அனாதையாகிவிடும். படத்தோடு சேர்த்து வைத்தாலோ நொறுங்கும் தாள் வண்ணத்தோடு உரசிக்கொண்டே இருக்கும். சுவரில் மாட்டும்போது தாளை மேலே போட்டால் படம் மங்கும், எடுத்தால் பேச்சு போகும்.

மையப் பகுதிக்கு வந்ததும் ஷார்லோட்டே ஊடுதாளைக் கைவிட்டு ஓவியத்தின்மேல் தூரிகையால் எழுதத் தொடங்கினார். தாள் தட்டுப்பாடா, நேரத் தட்டுப்பாடா, அல்லது சொல்லும் படமும் ஒன்றாகிவிட்டதா என்பது அவரவர் வாசிப்பு. போகப் போகக் கோடுகள் அவசரப்படுகின்றன, முகங்கள் வெறும் வளைவாகின்றன. பின்னுரையில் பல தாள்கள் வெறும் எழுத்து.

வேண்டாமென ஒதுக்கிய ஓவியங்களைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் வரைந்தவையும் உண்டு. சட்டமிட்டு மாட்டினால் ஒரு பக்கம் மறையும். அந்தப் பக்கத்தை ஷார்லோட்டே தள்ளிவிட்டார், ஆகவே மறையட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஓவியர் எதைத் தள்ளினார் என்பதும் நினைவுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். இப்போது முழுப் படைப்பையும் அருங்காட்சியகம் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்திருப்பதால் இந்தச் சண்டையின் சூடு சற்றுத் தணிந்திருக்கிறது. மூலத்தைத் தொடாமலே பார்க்க முடிகிறது.

விலக்கி வைத்த பக்கங்கள்

படைப்பின் முடிவில் ஒரு கடிதம் இருந்தது. தூரிகையால் பெரிய எழுத்தில் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். 1943 பிப்ரவரி என்ற நாள் கொண்டது. டாபர்லோனை, அதாவது வோல்ஃப்சோனை, விளித்து எழுதியது. அதே மாதம் தாத்தா இறந்தார். தாத்தாவுக்கு வெரோனால் தூக்க மருந்தைக் கலந்து ஆம்லெட் கொடுத்துவிட்டேன், இதை எழுதும் நேரத்தில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார் ஷார்லோட்.

இந்தப் பக்கங்களைப் பெற்றோர் விலக்கி வைத்தார்கள். கண்காட்சிகளிலும் 1963, 1981 நூல்களிலும் இந்த ஒப்புதல் இல்லை. டச்சு இயக்குநர் ஃபிரான்ஸ் வைஸ் 1981இல் ஷார்லோட்டைப் பற்றிய திரைப்படம் எடுத்தவர். பவுலா ஒரு தட்டச்சுப் படியை அவருக்குப் படிக்கக் கொடுத்திருந்தார், வெளியே சொல்லக் கூடாது என்ற வாக்குறுதியின் பேரில். ஆல்பெர்ட் 1976இலும் பவுலா 2000இல் 102ஆம் வயதிலும் இறந்தார்கள். அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத் தமது ஆவணப்படத்தின் வழியே வைஸ் அதை வெளியே கொண்டுவந்தார். 2015இல் பிரெஞ்சுப் பதிப்பில் அது அச்சேறியது.

அது உண்மையா? தாத்தா எப்படி இறந்தார் என்று காட்டும் மருத்துவச் சான்று எதுவும் இந்தக் கடிதத்தை உறுதிப்படுத்தவில்லை. ‘நாடகமா?’ என்று தலைப்பிலேயே கேட்ட ஒருவரின் கடைசிக் காட்சியாகவும் இருக்கலாம். மறுபுறம், வேறு படுக்கை இல்லையென்றால் என்னோடு படுத்தால் என்ன தப்பு என்று தாத்தா பேத்தியிடம் சொல்லும் காட்சி, விலக்கப்படாத பக்கங்களிலேயே அப்பட்டமாக இருக்கிறது. 1961லிருந்து பார்வையாளர்கள் அந்தத் தாத்தாவைப் பாவப்பட்ட அகதியாகவே பார்த்துவந்தார்கள் என்றால், குறை பக்கங்களிடம் இல்லை.

பெற்றோரின் மனநிலையில் நின்று பார்க்காமல் தீர்ப்பு எழுத மாட்டேன். மகளைக் கொன்றவர்கள் பலர் ஊரில் நிம்மதியாக உலவிய காலம். அந்த மகளையே கொலைகாரி என்று நாளிதழ்கள் எழுத ஒரு தாளை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? வீட்டு விஷயம் வீட்டோடு என்று நினைத்திருக்கலாம். கூடவே, வோல்ஃப்சோன் 1962 வரை லண்டனில் உயிரோடு இருந்தார். கடிதம் அவருக்கு எழுதியது.

ஆனால் ஆவணக் காப்பாளர் நிலையில் நின்றால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொன்றது தற்கொலையை விட அதை மறைத்த பழக்கம் என்பதுதான் ஷார்லோட்டின் முழுப் படைப்பும். சளிக்காய்ச்சல் என்று ஒரு குழந்தையிடம் சொன்ன பொய்யை உடைக்கவே 1,300 தாள் வரைந்தார். அந்தத் தாள்களைக் காத்த வீட்டிலேயே மறுபடி ஒரு மறைப்பு நடந்தது. பக்கங்களை மூடி, முத்திரையிட்டு, இன்ன ஆண்டில் திறக்கலாம் என்று எழுதி அருங்காட்சியகத்திடம் கொடுத்திருக்கலாம். அந்த ஏற்பாடு அன்றும் வழக்கத்தில் இருந்ததுதான். அப்படிச் செய்திருந்தால் குடும்பத்தின் மானமும் காக்கப்பட்டிருக்கும், பின்னால் வந்தவர்கள் நகலையும் வாக்குறுதியையும் நம்பி நிற்க வேண்டியும் இருந்திருக்காது.

நாடகத்தின் கடைசி ஓவியத்தில் ஷார்லோட் நீச்சல் உடையில் கடலோரம் மண்டியிட்டிருக்கிறார், நமக்கு முதுகு காட்டி. கையில் தூரிகை. மடியில் பிடித்திருக்கும் தாள் ஒளி ஊடுருவும் தாள், அதன் வழியே கடல் அப்படியே தெரிகிறது. முதுகில் எழுத்துகள்: வாழ்வு அல்லது நாடகம். தலைப்புப் பக்கத்தில் இருந்த இரண்டு கேள்விக்குறிகளும் இங்கே இல்லை.